அறுவையில் எடுத்த புராஸ்டேட்டுக்கு டிஃபியூஷன் எம்.ஆர்.ஐ: பச்சையாகவா, ஃபார்மலினிலா, கழுவியா, உறையவைத்தா?

தியேட்டரிலிருந்து சுரப்பி வெளியே வந்துவிட்டது. பேத்தாலஜி மேசை ஒரு கட்டடத்தில், எம்.ஆர்.ஐ. இன்னொரு கட்டடத்தில். குமரி மாவட்டத்தில் பல நேரம் இரண்டும் இரண்டு ஊரிலேயே இருக்கும். பகல் முழுக்க மெஷினில் நோயாளிகள் இருப்பார்கள், ஸ்பெசிமனுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் இடம் கிடைக்கும். ஆய்வேட்டுக்காக இந்தத் தலைப்பை எடுத்த முதுநிலை மாணவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதுவரை சுரப்பியை எதில் வைப்பது? ஃபார்மலினில் போட்டால் எண்கள் மாறிவிடுமாமே, போடாவிட்டால் திசு கெட்டுவிடுமே?

இரண்டு பயமும் நியாயமானவை. டிஃபியூஷன் எம்.ஆர்.ஐ. அளப்பது திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தூரம் அலைகின்றன என்பதை. திசுவைக் காப்பாற்ற நாம் செய்கிற ஒவ்வொன்றும் அந்தத் தண்ணீரைத்தான் தொடுகிறது. அதனால் 'எதுவும் மாறாத முறை' என்று ஒன்று கிடையாது. எந்த மாற்றத்தை உங்கள் கேள்வி தாங்கும் என்று பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் அறுவைக்கு முந்தின நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், உங்களுக்கு வேண்டியது எண்ணா, எல்லையா என்பது. சுரப்பி உடம்புக்குள் இருந்தபோது எடுத்த ஸ்கேனின் ஏ.டி.சி. மதிப்போடு (தண்ணீரின் அலைச்சலைக் காட்டும் எண்) ஒப்பிட வேண்டுமானால் அது எண். புற்று இருக்கும் இடமும் இல்லாத இடமும் படத்தில் எங்கே பிரிகின்றன, ஸ்லைடில் எங்கே பிரிகின்றன என்று பொருத்திப் பார்ப்பது எல்லை. பெரும்பாலான ஆய்வேடுகளுக்குத் தேவை இரண்டாவதுதான். எழுதும்போது முதலாவதைக் கோருகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது, சுரப்பியின் ரத்த ஓட்டம் நின்றதிலிருந்து ஸ்கேன் தொடங்கும்வரை எத்தனை மணி நேரம். மூன்றாவது, நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய பேத்தாலஜி ரிப்போர்ட் கெடக்கூடாது. இதில் பேரம் இல்லை. ஸ்பெசிமன் முதலில் நோயாளியின் நோயறிதலுக்கு, அதன் பிறகுதான் ஆய்வுக்கு. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும் அறுவைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். நான்காவது மெஷின். நோயாளிகளுக்கான 1.5 அல்லது 3 டெஸ்லா மெஷினில் முழங்காலுக்கான காயிலையோ (சிக்னலை வாங்கும் சுருள்) மணிக்கட்டுக் காயிலையோ வைத்து எடுப்பதும், ஆய்வகத்தின் உயர்புல மெஷினில் எடுப்பதும் ஒன்றல்ல. கடைசியாக, பில்லில் வராத செலவு.

ஸ்பெசிமன் எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுச் சுரப்பியை எடுக்கும் அறுவை இங்கே குறைவு, டி.யு.ஆர்.பி. துண்டுகள்தான் (சிறுநீர்க் குழாய் வழியே மின்சூட்டில் சுரண்டி எடுப்பவை) அதிகம் கிடைக்கும். அந்தத் துண்டுகளின் ஓரம் மின்சூட்டில் வெந்திருக்கும். தண்ணீர் வற்றி, புரதம் கட்டிப்போன அந்த விளிம்பு ஏ.டி.சி.யைக் கெடுக்கும். சின்னத் துண்டில் விளிம்பே பாதி. மேலும் அவை பெரும்பாலும் சுரப்பியின் உட்பகுதியான டிரான்சிஷன் ஸோனிலிருந்து வருபவை. புற்று அதிகம் தோன்றும் வெளிப்பகுதியான பெரிஃபரல் ஸோன் அதில் அரிது. டிஃபியூஷன் ஆய்வுக்கு டி.யு.ஆர்.பி. துண்டுகளை நம்பித் தலைப்பு எடுக்காதீர்கள்.

## எல்லா முறைக்கும் பொது: வெப்பநிலை

ஃபார்மலின்மேல் போடப்படும் பழியில் ஒரு பங்கு வெப்பநிலையைச் சேர்ந்தது. சுத்தமான தண்ணீரின் டிஃபியூஷன் 37 டிகிரியில் ஏறத்தாழ 3.0, 25 டிகிரியில் 2.3, 20 டிகிரியில் 2.0 (அலகு: 10⁻³ சதுர மில்லிமீட்டர்/வினாடி; கீழே வரும் எண்களும் இதே அலகில்). உடம்புச் சூட்டிலிருந்து ஸ்கேன் அறையின் ஏ.சி. குளிருக்கு வந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதுவரை ஒரு துளி ஃபார்மலினும் படவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்புக்குள் 1.6 காட்டிய நல்ல பெரிஃபரல் ஸோன் 20 டிகிரியில் 1.06 ஆகும். 1.3 காட்டிய பகுதி 0.86க்கு இறங்கும். புராஸ்டேட் எம்.ஆர்.ஐ.யைப் படிப்பதற்கான பை-ராட்ஸ் 2.1 வழிகாட்டி நோயாளிகளுக்குச் சொல்லும் சந்தேக எல்லை 0.75 முதல் 0.9 வரை. அந்த எல்லையை மேசைமேல் இருக்கும் ஸ்பெசிமனுக்குப் போட்டால் நல்ல திசுவும் புற்றாகத் தெரியும்.

நாகர்கோவில் போன்ற ஊரில் ஏ.சி. இல்லாத அறை 30 டிகிரியில் இருக்கும், ஸ்கேன் அறை 20 டிகிரியில். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் என்று வைத்தாலும் இடைவெளி 20 சதவீதத்தைத் தாண்டும். கொண்டுவந்த உடனே ஸ்கேன் போட்டால் ஸ்பெசிமன் மெஷினுக்குள்ளேயே ஆறிக்கொண்டிருக்கும். பி-மதிப்பு என்பது தண்ணீரின் அலைச்சலை மெஷின் எவ்வளவு அழுத்திக் காட்ட வேண்டும் என்பதற்கு நாம் வைக்கும் எண். முதலில் குறைந்த பி-மதிப்பு, கடைசியில் உயர்ந்த பி-மதிப்பு என்று வரிசையாக எடுத்தால், ஆறுவதும் டிஃபியூஷனும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஜாடியை ஸ்கேன் அறையிலேயே மூன்று மணி நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள். பி-மதிப்புகளைக் கலந்து எடுங்கள். பக்கத்தில் ஒரு சிறு குழாயில் காய்ச்சி வடித்த தண்ணீரை வையுங்கள். அதன் ஏ.டி.சி.தான் உங்கள் தெர்மாமீட்டர். ஆனால் அந்தத் தண்ணீரைக் கணிக்க பி-மதிப்பு 500ஐப் போன்ற குறைந்த எண்ணையே பயன்படுத்துங்கள். 1600இல் தண்ணீரின் சிக்னல் 4 சதவீதம்தான் மிஞ்சும், அதற்கு மேல் படிப்பது இரைச்சலை.

## பச்சையாக, எதிலும் போடாமல்

எண்ணுக்கு மிக அருகில் போவது இதுதான். செல் சவ்வுகள் முழுதாக இருக்கின்றன, சுரப்பியின் குழல்களில் திரவம் ஓரளவு இருக்கிறது, புரதங்கள் கட்டிப்போகவில்லை. ஆனால் 'அருகில்' மட்டும்தான். ரத்த ஓட்டம் நின்றுவிட்டதால் குறைந்த பி-மதிப்புகளில் உடம்புக்குள் தெரிந்த ஓட்டத்தின் பங்கு இங்கே இருக்காது. வெட்டிய வாய்களின் வழியே திரவம் கசிந்து குழல்கள் சுருங்கும். ஆக்சிஜன் இல்லாததால் செல்லின் சோடியம் பம்ப் நின்று செல் வீங்கும், ஏ.டி.சி. இறங்கும். நேரம் போகப்போக சவ்வுகள் கரையத் தொடங்கி நிலைமை மறுபடி மாறும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். சுரப்பி தியேட்டருக்கு வெளியே வந்த நேரத்தை எழுதுகிறார்கள். லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ முறையில் ரத்தக்குழாயைக் கட்டிய பின், சிறுநீர்ப்பையைத் தைத்து முடிக்கும்வரை சுரப்பி ஒரு பைக்குள், வயிற்றிலேயே, 37 டிகிரியில் கிடக்கும். கெடுதல் அங்கே தொடங்கிவிட்டது. குறிக்க வேண்டியது ரத்தக்குழாய் கட்டிய நேரம். தியேட்டர் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்களே எழுதித் தருவார்கள்.

எடுத்துப்போகும் விதம்: சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, இரட்டைப் பையில் போட்டு, உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்மேல் வையுங்கள். சலைனுக்குள் முக்க வேண்டாம், ஓரங்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கையும் நேரே ஒட்ட வைக்க வேண்டாம். அது பூஜ்யத்துக்கு வெகு கீழே இருக்கும், தொட்ட இடத்தில் ஐஸ் படிகம் விழுந்து சவ்வு கிழியும். உருகும் ஐஸ் பூஜ்யத்திலேயே நிற்கும், திசு உறையும் வெப்பநிலை அதற்குச் சற்றுக் கீழே. குளச்சலிலும் முட்டத்திலும் மீன் பெட்டிக்குப் போடும் சாதாரண ஐஸ், ஓரம் உருகத் தொடங்கியிருந்தால், விலை உயர்ந்த ஜெல் பேக்கைவிட இந்த வேலைக்கு நல்லது. தெர்மாகோல் பெட்டியின் அடியில் உருகிய நீர் தேங்க இடம் விட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து அதன்மேல் பையை வையுங்கள்.

இதன் மறைமுகச் செலவு பேத்தாலஜியின் தலையில் விழுகிறது. ஃபார்மலினில் போடுவது தாமதமாகும் ஒவ்வொரு மணியும் இம்யூனோ ஹிஸ்டோகெமிஸ்ட்ரியையும் (குறிப்பிட்ட புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனை) மரபணுச் சோதனையையும் பாதிக்கலாம். மார்பகத் திசுவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும் என்ற விதி உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. புராஸ்டேட்டுக்கும் அதே கவனம் நல்லது. எனவே தியேட்டரும் மெஷினும் ஒரே வளாகத்தில் இருந்து, மெஷின் உங்களுக்காகக் காத்திருக்கும் நிலை இருந்தால் மட்டும் இந்த வழி. நாகர்கோவிலில் அறுவை, ஸ்கேன் திருவனந்தபுரத்தில் என்றால் விட்டுவிடுங்கள். களியக்காவிளை வழி ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான், ஆனால் மார்த்தாண்டத்தின் நெரிசலுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

## ஃபார்மலினில் ஊறியபடியே

பேத்தாலஜி விரும்புவது இதைத்தான், ஏனென்றால் எப்படியும் செய்யப்போவது இதுதான். 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் ஒரு லிட்டருக்கு: கடையில் வாங்கும் 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மில்லி, காய்ச்சி வடித்த தண்ணீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். கடலோரத்து போர்வெல் தண்ணீரில் கலக்காதீர்கள். அதிலுள்ள உப்பு கரைசலின் அடர்த்தியை மாற்றும், செல் சுருங்குவதும் வீங்குவதும் அதைப் பொறுத்தது. 40 கிராம் சுரப்பிக்கு 600 முதல் 800 மில்லி வேண்டும். 200 மில்லி டப்பாவில் திணித்தால் உள்ளே பாதி பச்சையாகவே இருக்கும்.

ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னுகிறது; திசு பதப்படுவது என்பது இதுதான். சவ்வுகள் தண்ணீரை விடும் தன்மையும் மாறுகிறது. அறை வெப்பநிலையில் எடுக்கும் பதப்பட்ட புராஸ்டேட்டின் ஏ.டி.சி. உடம்புக்குள் இருந்ததில் பாதியளவுக்கு இறங்குவது அபூர்வமல்ல. அதில் வெப்பநிலையின் பங்கை மேலே பார்த்தோம். ஆறுதலான செய்தி, திசுக்களின் வரிசை பெரும்பாலும் குலைவதில்லை. ஏ.டி.சி. எபிதீலியத்தில் (குழலை உள்ளே மூடியிருக்கும் செல் அடுக்கு) குறைவு, ஸ்ட்ரோமாவில் (குழல்களைத் தாங்கும் இணைப்புத் திசு) நடுத்தரம், குழலின் உள்ளிடத்தில் அதிகம். புற்றில் எபிதீலியம் நெருங்கி, குழல்களின் இடம் சுருங்குவதால் அந்தப் பகுதி பதப்பட்ட பிறகும் தாழ்ந்தே தெரியும். அதனால்தான் எல்லை தேடுபவர்களுக்கு இது போதும்.

பெரிய ஆபத்து அரைகுறைப் பதம். ஃபார்மலின் வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். உள்ளே சென்ற பிறகும் புரதத்தோடு பின்னுவதற்குத் தனியாக நேரம் பிடிக்கும். நான்கு சென்டிமீட்டர் சுரப்பியை ஓர் இரவு ஊறவைத்து எடுத்தால் ஓரம் ஒரு மதிப்பு, நடு ஒரு மதிப்பு என்று படத்தில் ஒரு வளையம் விழும். பெரிஃபரல் ஸோன் வெளியே, டிரான்சிஷன் ஸோன் உள்ளே என்பது சுரப்பியின் இயற்கை அமைப்பு. ஃபார்மலின் ஏறிய வளையமும் ஏறத்தாழ அதே வடிவில் வரும். ஸோன் வித்தியாசம் என்று நினைத்து நீங்கள் அளப்பது ஃபார்மலினின் பயணமாக இருக்கலாம். கண்டுபிடிக்க வழி உண்டு: ஸோனின் எல்லை முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே ஆழத்தில் ஓடாது. ஃபார்மலினின் எல்லை மேற்பரப்பிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் ஓடும்.

ஊசியால் உள்ளே ஃபார்மலின் செலுத்தினால் வேகமாகப் பதமாகும், ஆனால் ஊசிப் பாதைகள் படத்தில் கோடு கோடாகத் தெரியும். முழுச் சுரப்பியைக் குறைந்தது மூன்று நாள் ஊறவிடுவதே நாங்கள் சொல்வது, பேத்தாலஜி அறிக்கைக்கு அந்த அவகாசம் இருந்தால். அவசர ரிப்போர்ட் என்றால் 4 மில்லிமீட்டர் கனத்தில் துண்டு போட்டுப் பதப்படுத்தலாம். முழு வடிவம் போய்விடும், வெட்டு முகங்கள் எம்.ஆர்.ஐ. தளத்தோடு ஒத்துப்போக, சுரப்பியை வைத்து வெட்டும் அச்சுச் சட்டம் ஒன்றும் தேவைப்படும்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. திசுவுக்குள் நிற்கும் ஃபார்மலின், டி2 காலத்தைக் (சிக்னல் தேய்ந்து மறைய எடுக்கும் காலம்) குறைக்கிறது. எடுத்துக்காட்டாக எக்கோ நேரம் (சிக்னலைப் படிக்கும்வரை காத்திருக்கும் நேரம்) 90 மில்லிவினாடி என்று வைப்போம். டி2 90 ஆக இருந்தால் 37 சதவீத சிக்னல் மிஞ்சும், 45 ஆகக் குறைந்தால் 13.5 சதவீதம்தான். பதப்பட்ட திசுவுக்கு உயர்ந்த பி-மதிப்பு வேண்டும், உயர்ந்த பி-மதிப்புக்கு நீண்ட எக்கோ நேரம் வேண்டும், நீண்ட எக்கோவை இந்த டி2 தாங்காது. நோயாளிகளுக்கான மெஷினில் இந்த மூன்றுக்கும் நடுவே நசுங்குவது உங்கள் படம்தான்.

## ஃபார்மலினுக்குப் பின் பஃபரில் கழுவி

மேலே சொன்ன டி2 இழப்பில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறும் வழி இது. பின்னிய புரதம் பின்னியபடியே இருக்கும். இடையில் சும்மா நிற்கும் ஃபார்மலின் மட்டும் வெளியேறும். பதம் முழுதானபின் சுரப்பியைப் பாஸ்பேட் பஃபர் சலைனுக்கு (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) மாற்றி, 20 மடங்கு அளவில், காலையும் மாலையும் மாற்றி, 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். துண்டுகளுக்கு ஒரு நாள் போதும், முழுச் சுரப்பிக்கு மூன்று நாளாவது வேண்டும். உள்ளே ஃபார்மலின் நுழைய எடுத்த நேரம் வெளியேறவும் ஆகும். பாதிக் கழுவலில் எடுத்தால் அதே வளையம் தலைகீழாகத் திரும்பி வரும்.

சிலர் பூஞ்சைக்குப் பயந்து 0.02 சதவீத சோடியம் அசைடு சேர்ப்பார்கள். நம் மழைக்கால ஈரத்தில் அது நியாயமே. ஆனால் அது விஷம். சிங்க்கில் ஊற்றக்கூடாது, செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் உப்பாகப் படியும். மூன்று நாள் வேலைக்கு, ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடுமானால், அசைடு இல்லாமலே சமாளிக்கலாம்.

கூடுதல் நன்மை: ஃபார்மலின் ஜாடியை மூடிய ஏ.சி. அறைக்குள் கொண்டுபோக வேண்டியதில்லை. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட பொருள். இரவில் தனியாக மெஷின் ஓட்டும் டெக்னீஷியனின் மூக்கும் நம் பொறுப்புதான்.

## உறையவைத்து

மரபணு வேலைக்கு இது அருமை. டிஃபியூஷனுக்கு இது வேண்டாம். உறைந்த நிலையில் தண்ணீர் ஐஸாக நிற்பதால் சிக்னலே வராது. உருக்கினால், படிகங்கள் கிழித்த சவ்வுகளுக்கு நடுவே தண்ணீர் தடையின்றி அலையும். நீங்கள் அளக்க வந்த தடையே இருக்காது. இரண்டும் வேண்டுமென்றால் உறையவைக்க ஒரு சிறு துண்டைப் பேத்தாலஜிஸ்ட் எடுத்துக் கொடுத்தபின் மீதியை ஃபார்மலினுக்கு அனுப்புங்கள். எடுத்த இடத்தை வரைபடத்தில் குறியுங்கள்.

ஆல்கஹால் பதம் தண்ணீரையே இழுத்துவிடும். மெழுகு பிளாக்கில் தண்ணீரே இல்லை. பழைய பிளாக்குகளை வைத்து டிஃபியூஷன் ஆய்வு செய்ய முடியாது.

## ஒரே பார்வையில்

| | பச்சை | ஃபார்மலினில் | கழுவியது | உறைந்து உருகியது |
|---|---|---|---|---|
| உடம்புக்குள் இருந்த எண்ணோடு நெருக்கம் | அதிகம், வெப்பநிலை திருத்தினால் | குறைவு | குறைவு | இல்லை |
| திசுக்களின் வரிசை, எல்லை | நன்று | நன்று, முழுப் பதம் ஆனால் | மிக நன்று | நம்ப முடியாது |
| சிக்னல் | நன்று | மங்கல் | நன்று | பொருட்டில்லை |
| மெஷினுக்காகக் காத்திருக்கும் அவகாசம் | சில மணி | நாட்கள் | நாட்கள் | மாதங்கள் |
| பேத்தாலஜிக்கு ஆபத்து | உண்டு | இல்லை | சிறிது தாமதம் | உண்டு |
| மறைமுகச் செலவு | ஆள், வண்டி, காலி மெஷின் | நீண்ட ஸ்கேன் நேரம், நெடி | மூன்று நாள், ஃப்ரிட்ஜ் இடம் | –80 ஃப்ரீசர், மின்தடை |

## யாருக்கு எது

அறுவையும் ஸ்கேனும் ஒரே வளாகம், கேள்வி எண்ணைப் பற்றியது, பேத்தாலஜிஸ்ட் உங்களோடு நிற்கிறார் என்றால் பச்சை. பச்சையாக எடுத்து, பதப்படுத்தி, கழுவி, மூன்று முறையும் அதே சுரப்பியை ஸ்கேன் செய்தால் பதத்தின் விளைவையே அளந்துவிடலாம். ஐந்து சுரப்பி கிடைத்தாலும் அது உருப்படியான ஆய்வு.

மற்ற எல்லோருக்கும், அதாவது குலசேகரத்திலோ தக்கலையிலோ ஸ்பெசிமன் எடுத்து வேறிடத்தில் ஸ்கேன் செய்ய வேண்டிய பெரும்பாலோருக்கு, கழுவிய முறையைத்தான் சொல்வோம். ரிப்போர்ட்டுக்கு மூன்று நாள் கூடுதலாகும் என்பதைச் சர்ஜனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கழுவாமல் ஃபார்மலினிலேயே எடுங்கள், ஆனால் எல்லா ஸ்பெசிமனையும் ஒரே மாதிரி. பாதி கழுவியது, பாதி கழுவாதது என்று கலந்தால் இரண்டும் வீண். ஊறிய நாட்களும் அப்படியே. ஒன்று மூன்று நாள், இன்னொன்று மூன்று மாதம் என்றால் அவற்றை ஒரே பட்டியலில் போடாதீர்கள்.

## ஸ்கேன் நாளன்று கெடுப்பவை

பி-மதிப்பை நோயாளி புரோட்டோகாலில் இருந்து அப்படியே எடுப்பது முதல் தவறு. பி-மதிப்பையும் ஏ.டி.சி.யையும் பெருக்கினால் 1.1 முதல் 1.3க்குள் வரவேண்டும். உடம்புக்குள் 1.6 என்றால் 700–800, பதப்பட்டு 0.7க்கு இறங்கியபின் 1600–1800. மிகவும் கூட்டினால் சிக்னல் இரைச்சலின் தரையில் உட்கார்ந்துகொள்ளும், ஏ.டி.சி. பொய்யாகக் குறையும்.

காற்றுக் குமிழி அடுத்த எதிரி. சிறுநீர்க் குழாயிலும், சுரப்பியோடு ஒட்டி வரும் விந்துப் பையான செமினல் வெசிக்கிளிலும் ஒளிந்திருக்கும். இ.பி.ஐ. (ஒரே மூச்சில் வேகமாக எடுக்கும் முறை) படத்தில் ஒரு குமிழி தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஓட்டை போடும். ஜாடியை நிரம்பி வழியும்வரை பஃபரால் நிரப்பி, சுரப்பியைத் திரவத்துக்குள்ளேயே மெல்லத் திருப்பி, சிரிஞ்சால் சிறுநீர்க் குழாய்க்குள் பஃபர் செலுத்தி வெளியேற்றுங்கள். முடிந்தால் வேக்குவம் போடுங்கள். அசைவே இல்லாத ஸ்பெசிமனுக்கு இ.பி.ஐ. கட்டாயமில்லை. மெஷினில் மெதுவாக எடுக்கும் ஸ்பின் எக்கோ டிஃபியூஷனோ, பல தவணையாக எடுக்கும் மல்டிஷாட்டோ இருந்தால் நேரம் கூடினாலும் அதையே எடுங்கள்.

சுற்றித் திரவமாக ஃபோம்ளின் என்ற ஃப்ளூரின் எண்ணெயை ஊற்றினால் பின்னணி முழுக் கறுப்பாக வரும், அதில் ஹைட்ரஜன் இல்லை. விலைதான் கடி. திசுவைவிட அடர்த்தி அதிகம் என்பதால் சுரப்பி தக்கைபோல மேலே மிதக்கும், பிளாஸ்டிக் வலை வைத்து அமுக்க வேண்டும். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெயோ லிக்விட் பாரஃபினோ ஊற்றாதீர்கள். அவற்றில் ஹைட்ரஜன் நிறைய, இ.பி.ஐ.யில் அந்தக் கொழுப்பின் பிம்பம் இடம் நகர்ந்து வந்து சுரப்பியின்மேல் ஏறும். போதாததற்குத் தேங்காய் எண்ணெய் ஸ்கேன் அறையின் குளிரில் உறைந்து நிற்கும்.

உலோகக் கிளிப்புகளைப் பேத்தாலஜிஸ்ட்டிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். டைட்டானியம்கூட இ.பி.ஐ.யில் நிழல் போடும். வெட்டு விளிம்பைக் குறிக்கப் பேத்தாலஜியில் தடவும் மையின் நிறமியில் இரும்பு இருந்தால் பெரிஃபரல் ஸோனின் ஓரம் கறுக்கும். எந்த மை என்று பாட்டிலைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஜாடியின் லேபிளில், தண்ணீர் பட்டால் அழியாத பென்சிலால், இந்த ஏழும் இருக்கட்டும்: ரத்தக்குழாய் கட்டிய நேரம், ஃபார்மலினில் இட்ட நேரம், சுரப்பியின் எடை, திரவத்தின் அளவு, பஃபருக்கு மாற்றிய நேரம், ஸ்கேன் தொடங்கியபோது ஜாடியின் வெப்பநிலை, முடிந்தபோது வெப்பநிலை. ஸ்கேன் முடிந்த அன்றே சுரப்பி பேத்தாலஜி மேசைக்குத் திரும்பிப் போக வேண்டும். கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபின்தான் உங்கள் வேலை முடிகிறது.